மூன்று வீடுகளைத் தேடி

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பட அட்டை வந்தது. கப்பலில் வேலை பார்க்கும் என் சித்தப்பா இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து அனுப்பியிருந்தார். அரண்மனையோ பெரிய கோபுரமோ இருக்கும் என்று ஆவலோடு திருப்பினேன். செங்கல் சுவரும் வெள்ளைச் சன்னலும் கொண்ட ஒரு சின்ன வரிசை வீடுதான் இருந்தது. சேலத்தில் என் அத்தை குடியிருக்கும் வீட்டு வசதி வாரிய வீட்டுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. பின்பக்கத்தில் சித்தப்பா, “இந்த வீட்டைப் பார்க்க முன்கூட்டியே சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். சமையலறையைக்கூடக் காட்டினார்கள்” என்று எழுதியிருந்தார்.

“யாரோ வீட்டுச் சமையலறையைப் பார்க்கவா காசு?” என்று அம்மா சிரித்தார்கள். எனக்கும் அது விளங்கவில்லை.

பள்ளி திறந்ததும் அந்த அட்டையைச் சங்கீத வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவுடனே, “இது பால் மெக்கார்ட்னியின் வீடு அல்லவா! 20, ஃபோர்த்லின் சாலை!” என்றார்கள். ஜெபமாலையும் பியானோவும் தவிர வேறு எதுவும் தெரியாதவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்த சிஸ்டருக்கு இது தெரிந்திருந்ததில் எங்களுக்குப் பெரிய வியப்பு. அன்று பியானோப் பயிற்சி நடக்கவில்லை. பீட்டில்ஸ் என்னும் இசைக்குழுவின் கதையைத்தான் கேட்டோம்.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் 1940-க்கும் 1943-க்கும் இடையில் லிவர்பூலில் பிறந்தவர்கள். நால்வருமே சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். 1957-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி உல்ட்டன் என்னும் பகுதியில் தூய பேதுரு ஆலயத்தில் கோடைத் திருவிழா நடந்தது. அங்கே ஜான் தன் சிநேகிதர்களோடு பாடிக்கொண்டிருந்தான். பால் வேடிக்கை பார்க்கப் போனவன். அவனுக்கு அப்போது 15 வயது. “உங்கள் வயதுதான்” என்று சிஸ்டர் எங்களைப் பார்த்துச் சொன்னார்கள். பிறகு பள்ளி முடிந்தும், சில நாள் பள்ளிக்கு மட்டம் போட்டும் (இதைச் சொல்லும்போது சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்) இருவரும் அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பாட்டு எழுதினார்கள். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை அந்த வீட்டை 1995-இல் வாங்கி, 1950-களில் இருந்தது போலவே ஆக்கி, 1998-இல் மக்களுக்குத் திறந்தது. ஜான் தன் பெரியம்மாவோடு வளர்ந்த வீட்டை அவருடைய மனைவி வாங்கி 2002-இல் அதே அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.

கதை முடிந்ததும் சிஸ்டர் ஒரு கேள்வி போட்டார்கள். “ஓர் ஊரில் நாலு பேர் பிறந்தார்கள், உலகமே அந்த ஊரைத் தேடிப் போகிறது. நம் பக்கத்தில் அப்படி ஓர் ஊர் சொல்லுங்கள் பார்க்கலாம்.”

தேனிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி சட்டென்று எழுந்தாள். “பண்ணைப்புரம், சிஸ்டர்! பாவலர் வரதராசன், பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் எல்லாரும் அந்த ஊர் அண்ணன் தம்பிகள். பாவலர் பிரதர்ஸ் என்று ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள்.” அவள் சொன்னது முழுக்கச் சரி. வகுப்பே கை தட்டியது. சிஸ்டரும் தட்டிவிட்டு, “நான் கேட்பது அதற்கு இருநூறு வருஷம் முன்னால்” என்றார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. திருவாரூர் என்று கடைசியில் அவர்களே சொன்னார்கள்.

சியாமா சாஸ்திரிகள் 1762-இல் பிறந்தார். தியாகராஜர் 1767-இல், முத்துசுவாமி தீட்சிதர் 1775-இல். மூவரும் திருவாரூர். கருநாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே ஊரின் சில தெருக்களில் பிறந்த மூன்று பிள்ளைகள் என்று அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

இப்படித்தான் எங்கள் சுற்றுலா முடிவாயிற்று. பொதுத் தேர்வு எழுதும் வகுப்புக்குச் சுற்றுலா எதற்கு என்று சில பெற்றோர் கேட்டார்கள். மதர் பெரிய மனது வைத்துக் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் மூன்று நாள் அனுமதி கொடுத்தார்கள். முப்பத்தெட்டு மாணவியர், இரண்டு ஆசிரியைகள், சிஸ்டர், ஒரு பெரிய கூடை எலுமிச்சம்பழம். எலுமிச்சை எதற்கு என்று ஏற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையிறங்கும் இருபது கொண்டையூசி வளைவுகளில் பதினான்காவதிலேயே பாதிப் பழம் தீர்ந்துவிட்டது.

புறப்படும்போது சிஸ்டர் ஹோலி டிரினிட்டி ஆலயத்துப் பக்கம் கையைக் காட்டி, “அங்கே யாருக்கு நினைவுக் கல் இருக்கிறது, தெரியுமா?” என்றார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவருக்கு. 1863-இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தவர் அவர்தான். இந்தியாவில் மனிதன் எத்தனை பழையவன் என்று அதன் பிறகுதான் தெரிய வந்தது. அவர் ஏற்காட்டில் வாழ்ந்தவர். பத்து வருடமாக அந்த வழியாகவே பள்ளிக்கு நடக்கிறேன், ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

சேலம், நாமக்கல், திருச்சி வழியாகச் சாயங்காலம் தஞ்சாவூர் சேர்ந்தோம். மலையில் பிறந்த எங்களுக்குச் சமவெளியின் சூடு பெரிய சோதனை. ஆனாலும் சாலையின் இருபுறமும் வாய்க்காலும் வயலுமாக, அடிவானம் வரை ஒரு மேடுகூட இல்லாத பூமியைப் பார்த்ததும் எல்லோரும் வாயடைத்துப் போனோம். ஒரு கன்னியர் மடத்து விடுதியில் இரவு தங்கினோம்.

மறுநாள் காலை முதலில் பார்த்தது தஞ்சாவூர் மேலவீதி. சியாமா சாஸ்திரிகளின் குடும்பம் பங்காரு காமாட்சி என்னும் பொன்னாலான அம்மன் விக்கிரகத்துக்குப் பூசை செய்யும் குடும்பம். அந்த விக்கிரகம் காஞ்சிபுரத்தில் இருந்தது. போர்களுக்கு அஞ்சி அதை எடுத்துக்கொண்டு புறப்பட்ட முன்னோர்கள் ஊர் ஊராக ஒளித்து வைத்து, தலைமுறைகள் கடந்து திருவாரூர் சேர்ந்தார்கள். அங்கேதான் சாஸ்திரிகள் பிறந்தார். பிறகு ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பயந்து 1781-இல் மறுபடியும் புறப்பட்டுத் தஞ்சாவூர் வந்தார்கள். அந்தக் கோயில் இன்றும் மேலவீதியில் இருக்கிறது. பிறந்த ஊர் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் குடும்பத்துக்குத் திருவாரூர், ஓடி வந்த வழியில் தங்கிய ஊர். மூவரிலும் மிகக் குறைவான பாட்டுகள் கிடைத்திருப்பது சியாமா சாஸ்திரிகளுடையவைதான். ஆனந்தபைரவி என்றாலே அவர் நினைவு வரும் என்று சிஸ்டர் சொன்னார்கள்.

அதே வீதியில்தான் தஞ்சை நால்வர் என்று புகழ் பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களின் வீடும். இவர்கள் முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நம் ஆண்டு விழாவில் ஆடுகிறோமே, அந்த வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் இந்த நால்வர்தாம். “லிவர்பூலுக்கு நாலு பேர் என்றால் மேலவீதிக்கும் நாலு பேர்” என்று தேனித் தோழி சொன்னாள். பண்ணைப்புரத்துக்கும் நாலு பேர் என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

பிறகு திருவாரூருக்குப் புறப்பட்டோம்.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பழமொழி சொல்வார்கள். கமலாலயக் குளத்தைக் கண்ட பிறகு அது வெறும் பேச்சில்லை என்று தெரிந்தது. எங்கள் ஏற்காட்டு ஏரியைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்த சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் தீவு போல ஒரு சிறிய கோயில். கரையில் நின்றால் தியாகராஜர் கோயிலின் கோபுரங்கள் தெரிகின்றன. இசைக்கலைஞர் தியாகராஜருக்கு அந்தப் பெயர் வந்தது இக்கோயிலின் இறைவன் பெயரால்தான்.

கோயிலுக்குள் பஞ்சமுக வாத்தியம் என்னும் முழவைக் கண்டோம். ஒரே பெரிய குடத்துக்கு ஐந்து வாய். ஒவ்வொரு வாயிலும் தோல் கட்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒலி தரும்படி செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஓசைகளின் நடுவே தொட்டிலில் கிடந்த குழந்தைகள் பாட்டுக்காரர்கள் ஆனதில் அதிசயம் என்ன? தேர் நிற்கும் இடத்தையும் பார்த்தோம். ஆழித்தேர் அலங்கரித்தால் 96 அடி உயரமாம்.

பிறகு வீடுகள். மூவர் பிறந்த இடங்களும் இன்று நினைவில்லங்கள். உண்மையைச் சொல்வதென்றால், முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சித்தப்பாவின் அட்டையில் கண்டதுபோல அந்தக் காலத்து அடுப்பும், அவர்கள் படுத்த பாயும், தொட்ட தம்பூராவும் இருக்கும் என்று மனத்தில் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். சுத்தமான கூடம், படம், விளக்கு, பூ. கும்பிடும் இடமாக இருந்தது, குடியிருந்த இடமாக இல்லை. எங்களில் ஒருத்தி, “சிஸ்டர், இதே சுவரா அப்போதும் இருந்தது?” என்று கேட்டுவிட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்து, “பாப்பா, இருநூத்தம்பது வருஷத்து மண்சுவர் இந்த ஊர் மழைக்கு நிக்குமா? இடம் அதே இடம். சுவருக்கு எதுக்கு வந்தே?” என்றார்.

அந்தக் கேள்வி பேருந்தில் ஏறிய பிறகும் என்னை விடவில்லை.

முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றிச் சிஸ்டர் சொன்னதைத் தோழியருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நம் பியானோ வகுப்பும் வருகிறது. அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதர். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவரே என்பார்கள். அந்தக் குடும்பம் சில காலம் சென்னைக்கு அருகே மணலியில் ஒரு செல்வந்தரின் ஆதரவில் வாழ்ந்தது. அவர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வந்தபோது ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள். வேறு யாராவது இருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள், அல்லது வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். இளைஞரான முத்துசுவாமி அந்த மெட்டுகளை மனத்தில் வாங்கிக்கொண்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சொற்கள் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்றுத் தருவது அவற்றைத்தான். தம்பி பாலுசுவாமி ஒருபடி மேலே போய், வெள்ளைக்காரர் ஒருவரிடம் மூன்று ஆண்டு வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை யாராவது கண்டதுண்டா?

சுற்றுலாவுக்கு முந்தின வாரம் வகுப்பில் சிஸ்டர் பியானோவில் ஒரு மெட்டை வாசித்து, எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். இங்கிலாந்து தேசிய கீதம் என்று எல்லோரும் கத்தினோம். “தீட்சிதர் கீர்த்தனையும்தான்” என்றார்கள். எங்களால் நம்ப முடியவில்லை. மெட்டு ஒன்றே. சொல் மாறியவுடன் அரசர் போய் அம்மன் வந்துவிட்டார்!

பின்னாளில் தீட்சிதர் திருவாரூரிலேயே பல காலம் வாழ்ந்து, கோயிலின் சன்னிதிகளைப் பற்றிப் பாடினார். கமலாம்பாள் மீது அவர் செய்த நவாவரணக் கீர்த்தனைகள் பெயர் பெற்றவை. கடைசியில் எட்டயபுரம் போய், 1835-இல் தீபாவளி நாளன்று அங்கே காலமானார். அவர் நினைவிடம் அங்கே இருக்கிறது. நேரம் இல்லாததால் நாங்கள் போகவில்லை. பாரதியார் பிறந்த ஊரும் அதுவே என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அடுத்த வகுப்பினர் மதரிடம் விண்ணப்பம் போடலாம்.

மூன்றாம் நாள் திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து வடக்கே போகப் போக ஒவ்வோர் ஆறாகத் தாண்டுகிறோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. எண்ணிக்கொண்டே வந்தோம். ஐயாறப்பர் கோயில் வெளிப்பிரகாரத்தில் ஓர் இடத்தில் நின்று “ஐயாறா!” என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதால் எங்களுக்கு எண்ண முடியவில்லை. அசோகா அல்வா தின்றதையும் எழுதாவிட்டால் தோழியர் கோபித்துக்கொள்வார்கள். பாசிப்பருப்பில் செய்வது. வீட்டுக்கு வாங்கியதில் பாதி நாமக்கல் வருவதற்குள் காலி.

தியாகராஜர் சிறு வயதிலேயே பெற்றோருடன் திருவாரூரை விட்டு இங்கே வந்துவிட்டார். திருமஞ்சன வீதியில் அவர்கள் வீடு இருந்தது. அந்தத் தெருவில்தான் உஞ்சவிருத்தி எடுத்தார். அதாவது வீதியில் பாடிச் சென்று, வீட்டார் தரும் அரிசியைக் கொண்டு குடும்பத்தையும் சீடர்களையும் காப்பாற்றினார். தஞ்சை அரசவைக்குப் பாட வரும்படி பொன்னும் பொருளும் வந்தும் மறுத்துவிட்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அதனால் அண்ணனுக்குக் கோபம் வந்து, பூசித்த இராமர் விக்கிரகத்தையே ஆற்றில் போட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிந்த வீடு அது.

அந்த வீடு இப்போது இல்லை. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய நினைவில்லம் எழும்பியிருக்கிறது. பளபளவென்ற தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். நல்ல எண்ணத்தோடுதான் கட்டியிருப்பார்கள். ஆனால் இந்த இடத்தில் எனக்குச் சித்தப்பாவின் அட்டை மறுபடி ஞாபகம் வந்தது. ஓர் அரசாங்கக் குடியிருப்பு வீட்டை அந்தக் காலத்து மேசை நாற்காலியோடு காத்து வைத்திருக்கிறார்கள். நாம் தியாகராஜர் நடந்த கூடத்தைக் காப்பாற்றவில்லை. என் மனத்தில் பட்டதை எழுதுகிறேன். பெரியவர்கள் பிழையாகக் கொள்ள வேண்டாம்.

“அப்படியானால் எதுதான் மிச்சம், சிஸ்டர்?” என்று கேட்டேன். சிஸ்டர் பதில் சொல்லாமல் எங்களைக் காவிரிக் கரைக்கு அழைத்துக்கொண்டு நடந்தார்கள்.

கரையில் தியாகராஜர் சமாதி. 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி அவர் மறைந்தார். சீடர்கள் ஒரு சிறு மாடம் எழுப்பினார்கள். சீடர்கள் காலத்துக்குப் பிறகு கவனிப்பார் இல்லாமல் அந்த இடம் பாழடைந்து போயிற்று. பிறகு ஆராதனை என்று ஆண்டுதோறும் விழா நடக்கத் தொடங்கியது. வித்துவான்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தனித்தனியாக விழா நடத்தினார்கள். இரு கட்சியாரும் ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். பெண்கள் அங்கே பாடக் கூடாது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. 1878-இல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். பாட்டில் பெரும்புகழ் பெற்று, சென்னையில் சொந்த வீடும் நகையுமாக வாழ்ந்தவர். சமாதி இடிந்து கிடக்கிறது என்று அவருடைய குரு எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தாம் பாடிச் சம்பாதித்த பணத்தைப் போட்டு, நகைகளை விற்று, நிலம் வாங்கினார். 1921-இல் தொடங்கிய கோயில் திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தது. இன்று நாம் பார்க்கும் சன்னிதி அவர் கட்டியது.

கட்டியவர் அவர். ஆனால் விழாவில் பாட அவருக்கு இடம் இல்லை!

அவர் சண்டை போட்டுக் கலைக்கவில்லை, அழுதுகொண்டு ஊருக்கும் திரும்பவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். வேறு ஆராதனைகளுக்கு நடுவே பெண்கள் கட்சியும் ஒன்றாயிற்று. பல வருடங்கள் இப்படியே நடந்து, 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லாக் கட்சியும் ஒன்றாகி, பெண்களும் எல்லோரோடும் சேர்ந்து பாட வழி பிறந்தது. இப்போது ஆராதனை நாளில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆணும் பெண்ணுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்து பாடுவதை ஜனவரி மாதம் தொலைக்காட்சியில் காண்கிறோமே, அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. நாகரத்தினம்மாள் தம் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து, 1952-இல் காலமானார். அவருடைய நினைவிடம் தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே அவர் கை குவித்து உட்கார்ந்திருக்கும் சிலையை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

சிஸ்டர் அந்தச் சிலையின் அருகில் எங்களை உட்கார வைத்து, “பாடுங்கள்” என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சின்னக் கீர்த்தனை, சுற்றுலாவுக்காகவே பழகியது. முப்பத்தெட்டுப் பேர் பாடினோம். சுருதி சேரவில்லை. இரண்டாம் அடியில் நாலு பேர் முந்திக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் எங்களை நிறுத்தச் சொல்லவில்லை. இதையே நினைத்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாட்டின் கடைசி அடியை நான் வாயசைத்ததோடு சரி.

எது மிச்சம் என்ற என் கேள்விக்குச் சிஸ்டர் திரும்பி வரும் வழியில்தான் பதில் சொன்னார்கள். தியாகராஜர் பாடும்போது சீடர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓலையில் எழுதினார்கள். வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் என்னும் சீடரின் வழியில் வந்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தீட்சிதர் பாட்டுகளை, அவர் தம்பியின் வழித்தோன்றலான சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் மாபெரும் நூலாக 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்டார். அதை எழுதும்படி அவரை விடாமல் வற்புறுத்தியவர் சின்னசுவாமி முதலியார். இவர் ஒரு கிறித்தவர். நாம் பியானோ வகுப்பில் ஐந்து கோடு போட்டு எழுதுகிறோம் அல்லவா, அந்த முறையிலேயே தியாகராஜர் கீர்த்தனைகளை எழுதி 1890-களில் அச்சிட்டவர். சொந்தப் பணத்தையெல்லாம் அதிலேயே செலவழித்தார். எட்டயபுரத்து நூல் வெளிவந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

“வீட்டைக் காப்பது நல்லது. ஆனால் பாட்டை யாராவது எழுதாமல் விட்டிருந்தால் அந்த வீட்டைத் தேடி யார் போவார்?” என்றார்கள் சிஸ்டர்.

இதைக் கேட்டதும் எனக்கு அம்மாயி ஞாபகம் வந்தது.

என் அம்மாவைப் பெற்ற அம்மாயி, சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர்கள். பன்னிரண்டு வயதில் கூடையை இடுப்பில் கட்டியவர்கள், கை நடுங்கும் வரை அவிழ்க்கவில்லை. பழம் பறிக்கும்போதும், களை வெட்டும்போதும், பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும், சாவு வீட்டிலும் அவர்களுக்குப் பாட்டு உண்டு. பக்கத்து வரிசையில் பறிப்பவர்கள் ஒரு பாட்டை எடுத்தால் அம்மாயி அடுத்த அடியை எடுப்பார்களாம். அவர்கள் குடியிருந்த லயன் வீடு போன வருடம் இடிக்கப்பட்டது. ஓட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. அம்மாயி மட்டும் அன்று சாப்பிடவில்லை. இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டைப் பற்றி நாங்கள் யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது.

திருவையாற்றிலிருந்து திரும்பிய அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் சாயங்காலம் படிப்பு முடிந்ததும் அரை மணி நேரம். முதல் நாள் அம்மாயி, “போடி, இதெல்லாம் ஒரு பாட்டா? படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தானாகவே, “நேத்து பாடுனதுல ஒரு வரி வுட்டுட்டேன், எழுதிக்க” என்றார்கள். மெட்டை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தவித்தேன். சிஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பாட்டின் மேலும் ஐந்து கோடு போட்டுத் தந்தார்கள். சுரங்களை நான் பென்சிலால் குறிக்கிறேன். அம்மாயி ஒரே பாட்டை இரண்டு நாள் இரண்டு விதமாகப் பாடுவதால் ரப்பர் நிறையச் செலவாகிறது.

இதுவரை பதினோரு பாட்டு எழுதியாயிற்று. பன்னிரண்டாவது ஒரு தாலாட்டு. நடுவில் இரண்டு அடி அம்மாயிக்கு மறந்துவிட்டது. நாகலூரில் இருக்கும் அவர்கள் பழைய சிநேகிதிக்கு அது தெரியுமாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இருவரும் பேருந்தில் போய்க் கேட்டு வருவதாக இருக்கிறோம். நோட்டில் அந்த இரண்டு அடிக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.